எட்டாம் நம்பர் வீட்டுக் குளிர்

கத்திரி வெயில் பிறந்த ஐந்தாம் நாள், வேலூரில், கோட்டைக்குத் தெற்கே எட்டு வீடுகள் கொண்ட ஒரு காம்பவுண்டின் கடைசி வீட்டில், அலமாரியில் இருந்த தேங்காய் எண்ணெய் உறைந்துபோனது. குழாயைத் திறந்தால் கொதிநீர் வருகிற மாதம். வீட்டுக்காரி ரேணுகா பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தாள், உள்ளங்கையில் தட்டிப் பார்த்தாள், துடைப்பக் குச்சி விட்டுக் குடைந்து பார்த்தாள், கலப்படம் என்று முடிவு கட்டினாள், அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு மளிகைக் கடைக்குச் சண்டைக்குப் போனாள். போய்ச் சேர்வதற்குள் எண்ணெய் உருகிவிட்டது. கடைக்காரர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து ஆட்டிக் காட்டினார்.

"இன்னாம்மா, நல்லாத்தானே கீது?"

"உன் கடைக்கு வந்தா நல்லாயிடுதா அது? எங்கூட்ல கல்லாட்டம் இருந்துச்சு."

"அப்ப உங்கூட்டத்தான் போய்ப் பாக்கணும்."

கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் விஷயம் அதுதான்.

வீட்டின் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள் ரேணுகாவின் ஒரே மகள் சங்கவி. வயது இருபத்தாறு. அப்பா செத்து ஆறு வருஷம். அம்மா ஷூ கம்பெனிக்கு வீட்டிலிருந்தே மேல்தோல் தைத்துக் கொடுப்பவள். சென்னையில் ஒரு கம்பெனியில் நாலு வருஷம் வேலை பார்த்த சங்கவி, ஒருநாள் காலையில் பையோடு வந்து இறங்கி, லீவா என்று கேட்டதற்கு ஆமாம் என்றும், எத்தனை நாள் என்று கேட்டதற்குத் தெரியாது என்றும் சொல்லிவிட்டுப் படுத்தவள்தான், பத்தொன்பது நாளாகிறது, எழுந்து வெளியே வரவில்லை. குளித்தாள், போட்டதைத் தின்றாள், போன் அடித்தால் அது அடித்து ஓயும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே கம்பெனியில் கிரிதர் என்று ஒருவன் இருந்தான். இரண்டு வருஷம் பழகிவிட்டு, நமக்குள் ஒத்துவராது என்று ஒரு வரி அனுப்பிவிட்டு நகர்ந்துகொண்டான். அவன் மட்டும் காரணமில்லை. அவன் வருவதற்கு முன்பே எல்லாச் சாப்பாடும் அவளுக்கு ஒரே ருசியாகி, எல்லா நாளும் ஒரே நாளாகி, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் சும்மா நின்றுவிட்டு வருவது அவளுக்குப் பழக்கமாகியிருந்தது. அவன் போனபோது கொஞ்சநஞ்சம் இருந்ததும் இறங்கிப்போயிற்று, அவ்வளவுதான்.

குளிர்வதை அவள் ஏற்கெனவே கவனித்திருந்தாள். பதினோரு நாளாகக் கம்பளிக்குள் கிடந்தாள். அது தனக்குள் மட்டும் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அம்மா கடையிலிருந்து திரும்பி வந்து பாட்டிலை அலமாரியில் வைத்து, அது கண்ணெதிரே ஓரத்திலிருந்து வெள்ளை கட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து வாயில் கை வைத்தபோதுதான், குளிர் தன்னைத் தாண்டி வந்துவிட்டது என்று தெரிந்தது.

"ஏண்டி, உனுக்கு எதுனா பண்ணுதா?"

"ஒண்ணுமில்லம்மா."

"பின்ன ஏன் ரூமு இப்டி கீது?"

"எனக்கு இன்னா தெரியும்?"

ரேணுகா கதவைச் சாத்தினாள். காம்பவுண்டுக்குத் தெரிந்தால் என்ன பேசுவார்களோ என்பதுதான் அவளுக்கு முதல் கவலை. ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். வேலையிலிருந்து துரத்திவிட்டார்கள் என்றது ஒரு வீடு, எவனோடோ போய்த் திரும்பி வந்தவள் என்றது இன்னொரு வீடு, வயிற்றில் ஏதோ இருக்கிறது, அதனால்தான் தலை காட்டவில்லை என்றது குழாயடி.

குளிரைச் சாத்தி வைக்க முடியாது. கதவிடுக்கு வழியாகக் கசிந்து வாசற்படிக்கு வந்தது. முதலில் பூனைகள் கண்டுபிடித்தன. காம்பவுண்டின் மூன்று பூனைகளும் எட்டாம் நம்பர் வாசலில் வயிற்றைத் தரையில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. பூனைக்குப் பிறகு ஏழாம் நம்பர் தனபாக்கியம். இட்லி மாவு அரைத்து விற்பவள், யார் வீட்டில் என்ன வேகிறது என்று அவள் மூக்குக்குத் தெரியும்.

"ஏசி போட்டுட்டே, சொல்ல மாட்டேன்றே."

"ஏசியா? எங்கூட்லயா? ஏங்க்கா நீ வேற."

"மீட்டர்ல ஓடுதா, இல்ல தெரு ஒயர்ல கொக்கியா? எங்கிட்ட சொல்லு, நான் யார்கிட்ட சொல்லப் போறேன்."

அவள் யாரிடம் சொன்னாளோ, மூன்றாம் நாள் மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்தார். ஒயர்களைத் தடவினார், மீட்டரைப் பார்த்தார், அது பாதித் தூக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளறைச் சுவரில் கை வைத்தார், கன்னத்தை வைத்தார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து தன் டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டு முடித்து, சுவரில் சாய்ந்து முக்கால் மணி நேரம் தூங்கி எழுந்து, "இது எங்க டிபார்ட்மென்ட் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் டிரான்ஸ்பார்மரில் கோளாறு வந்து, மின்சாரம் ஏறி இறங்கி, ஒரே மத்தியானத்தில் ஐந்து வீட்டு ஃப்ரிட்ஜ்கள் கருகின. முன் வீட்டில் இருந்த ஹவுஸ் ஓனர் ஏகாம்பரம் மட்டும் தப்பித்தார், அவரிடம் ஸ்டெபிலைசர் இருந்தது. தனபாக்கியத்தின் இரண்டு வாளி மாவு பொங்கிப் படியில் வழிந்தது. அவள் மூன்றாவது வாளியைத் தூக்கிக்கொண்டு எட்டாம் நம்பருக்குள் நுழைந்து, யாரையும் கேட்காமல், சங்கவியின் கட்டில் காலோரம் வைத்து, "ராத்திரிக்கு மட்டும்டி ராசாத்தி" என்றாள். காலையில் மாவு அப்போதுதான் அரைத்ததுபோல் இருந்தது. அது போதும். காம்பவுண்டு வியந்துகொண்டு நிற்கவில்லை, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தது. அலமாரியின் மேல்தட்டில் பாலும் தயிரும், நடுத்தட்டில் தக்காளியும் கீரையும் கொத்தமல்லியும், கீழ்த்தட்டில் வீட்டுக்கு வீடு சாயப் புள்ளி வைத்த மாவு டப்பாக்களும், சனிக்கிழமை வந்தால் கட்டிலுக்கு அடியில் ஞாயிற்றுக்கிழமைக்கான மீனும், ஜன்னலோரம் ஆறாம் நம்பர் தையல்காரர் அஸ்லம் பாய் சர்க்கரை நோய்க்குப் போட்டுக்கொள்கிற இன்சுலின் ஒரு எவர்சில்வர் டப்பாவிலுமாக, பத்து நாளில் அந்த அறை நிறைந்தது. சட்டங்களும் தாமாக உண்டாயின. செருப்பை வெளியே கழற்ற வேண்டும், கதவை முழுசாகத் திறக்கக் கூடாது, எடுக்கிறவர்கள் தங்கள் பொருளை மட்டும் எடுக்க வேண்டும், அந்தப் பெண்ணிடம் வளவள என்று பேசக் கூடாது.

இது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மாரியம்மன் என்று ஒருத்தி சொன்னாள், ஏதோ வாயு என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் டப்பாவுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

சங்கவி கம்பளிக்குள்ளிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். வருகிறவர்கள் முதலில் பாத்திரத்தைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். "எப்டிம்மா கீறே?" என்று கேட்டார்கள். "அப்படியேதான்" என்பாள். அப்போது அவர்கள் முகத்தில் ஒன்று தளர்ந்தது. முதல் தடவை அதைக் கவனிக்காமல் விட்டாள். இரண்டாம் தடவை கவனித்தாள். மூன்றாம் தடவை, "இன்னிக்குக் கொஞ்சம் தேவல ஆன்ட்டி" என்று வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தாள். தனபாக்கியத்தின் கை உடனே மாவு டப்பாவின் மூடிக்குப் போனது.

அன்றிலிருந்து அவளுக்குச் சந்தேகம் பிடித்தது. பிடித்த சந்தேகம் எங்கும் பரவியது. அவளுக்குக் கல்யாணம் எப்போது என்று இரண்டு வருஷமாக நச்சரித்தவர்கள் இப்போது, "இன்னா அவசரம், இந்தக் காலத்துப் பொண்ணுங்க முப்பதுக்கு மேலதான்" என்றார்கள். மறுபடி வேலைக்கு எப்போது என்று ஒருவரும் கேட்கவில்லை. வயிற்றில் ஏதோ இருக்கிறது என்று பேசிய குழாயடி இப்போது ரேணுகாவுக்கு முதல் குடம் விட்டது. அம்மாவின் நடை மாறியிருந்தது. கணவன் செத்த நாளிலிருந்து காம்பவுண்டில் ஓரமாக நடந்தவள் இப்போது நடுவில் நடந்தாள். சோறு கொண்டுவந்து வைக்கிற கை அன்பால் வைக்கிறதா, இல்லை இந்த அறை இப்படியே இருக்கட்டும் என்று வைக்கிறதா? சங்கவி சோற்றைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். சந்தேகப்பட்டதற்காக வெட்கப்பட்டாள். வெட்கத்தில் இன்னும் குளிர்ந்தாள்.

ஒரு சனிக்கிழமை ப்ளெஸ்ஸி வந்தாள். சென்னை அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரி. முப்பது தடவை போன் போட்டு எடுக்காததால், விலாசம் விசாரித்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். உள்ளே வந்து துப்பட்டாவைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள்.

"ஏ லூசு, உன் கட்டிலுக்கு அடியில வஞ்சிரம் படுத்திருக்கு."

"தெரியும்."

"மேல நீ படுத்திருக்கே. அதுக்கும் உனக்கும் இன்னாடி வித்தியாசம்? அதுக்காவது கண்ணு தொறந்திருக்கு."

சங்கவிக்கு எங்கிருந்தோ ஒரு சத்தம் வந்தது. விக்கல் என்று நினைத்தாள். சிரிப்பு. நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. கட்டில் கிரீச்சிட்டது, கம்பளி கீழே விழுந்தது. ஏதோ ஒரு டப்பாவின் மூடி மெதுவாகத் தூக்கிக்கொண்டு டக்கென்று தரையில் விழுந்தது. பிறகு இன்னொன்று. மாவு பொங்கி எழுந்துகொண்டிருந்தது.

ப்ளெஸ்ஸி அதைப் பார்த்தாள். பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"இங்க உங்க ஊர் ஆஸ்பத்திரிலயே ஒரு டாக்டர் இருக்காங்க. புதன்கிழமை. நான் மெட்ராஸ்ல ஒருத்தர்கிட்ட ஏழு மாசமாப் போறேன்."

"நீயா? நீதானே எல்லாரையும் சிரிக்க வெப்பே."

"அதான் போறேன். போ, பேசு. பேசுனா செத்துட மாட்டே."

நாலு மாநிலத்திலிருந்து நோயாளிகள் வந்து இறங்குகிற ஊர் அது. அந்த ஊர்ப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகக் கூச்சமாக இருந்தது. சீட்டைத் தலையணை உறைக்குள் வைத்தாள்.

சாயங்காலம் குழாயடியில் கூட்டம். மூன்று வீட்டுப் பால் திரிந்திருந்தது, மீனில் வாடை தட்டியது, தனபாக்கியத்தின் நாலு டப்பா புளித்திருந்தது.

"சிரிச்சிருக்குது" என்றாள் தனபாக்கியம், குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்கிற குரலில்.

"யாரு அந்தப் பொண்ணு?"

"கூட வேல செஞ்சதாம். யாரு கண்டா."

"நல்ல எண்ணத்தோட வந்ததாத் தெரியல."

அந்தப் பெண்ணை வருத்தத்திலேயே வைத்திருப்போம் என்று யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற ஆட்கள் இல்லை அவர்கள். பாவம் இப்போதுதான் கொஞ்சம் அமைதியாக இருக்கிறது, வெளியாட்கள் வந்து கலைக்கக் கூடாது என்றார்கள். ஓய்வு வேண்டும் என்றார்கள். அவள் நல்லதுக்காகவே காம்பவுண்டு கேட்டுக்குப் பகலிலும் தாழ்ப்பாள் போட்டார்கள், அவள் நல்லதுக்காகவே டிவியில் காமெடி வந்தால் சத்தத்தைக் குறைத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கேரம் ஆடிக்கொண்டிருந்த பையன்களை மாடிக்கு விரட்டினார்கள். அறைக்குள் வருகிறவர்கள் சாவு வீட்டுக்கு வருகிற முகத்தோடு வந்து, பாலை எடுத்துக்கொண்டு, பெருமூச்சு விட்டுப் போனார்கள். எல்லாம் சங்கவி காதில் விழுந்தது. அவள் ஒவ்வொன்றாகக் கணக்கில் வைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை தனபாக்கியம் வந்து கட்டிலில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் இதுவரை உட்கார்ந்ததில்லை.

"மனச தேத்திக்கடி கண்ணு. உங்கிட்ட மறைக்கறது பாவம். அந்தப் பையனுக்கு நிச்சயம் ஆயிடுச்சாம்."

"எந்தப் பையனுக்கு?"

"அதான், கிரிதரு. போன்ல போட்டோ வந்துச்சு. பொண்ணு நல்ல நெறம்."

கிரிதர் என்கிற பெயரை சங்கவி இந்த ஊரில் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருந்தாள், அதுவும் சுவரைப் பார்த்துக்கொண்டு. அவள் வாசலைப் பார்த்தாள். ரேணுகா அங்கே கையில் ஒரு தோலும் ஊசியுமாக நின்று, தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் வெள்ளையாகப் பூத்தது. பாத்திரங்களின் விளிம்பில் பனிக்கட்டி படிந்தது. மாவு நாலு நாள் தாங்கியது. காம்பவுண்டு நிம்மதியாகத் தூங்கியது.

ஐந்தாம் நாள் சங்கவி ப்ளெஸ்ஸிக்குப் போன் போட்டாள்.

"நிச்சயமா? அவனுக்கா? முந்தாநேத்து கேன்டீன்ல எங்கிட்டயே வந்து, ஆடிட் டீம்ல ஒரு பொண்ணு நம்பர் கேட்டான் அந்த நாய். யாருடி சொன்னா?"

சங்கவி போனை வைத்தாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நாற்பத்தைந்து நாளில் முதல் தடவையாகக் குளிப்பதற்கு இல்லாமல் கூடத்துக்கு வந்தாள். அம்மா மெஷினில் உட்கார்ந்திருந்தாள்.

"அவன் பேர தனம் ஆன்ட்டிகிட்ட நீ சொன்னியா?"

"மனசு தாங்காம ஒருநாளு சொன்னேன்டி. எனுக்கு வேற யாரு கீறாங்க?"

"நிச்சயம்னு சொன்னது பொய்யின்னு தெரியுமா?"

ரேணுகா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அறுத்த நூலை உருட்டினாள்.

"தெரியுமாம்மா?"

"அவதான் சொல்லட்டுமான்னு கேட்டா. நான் சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. வெயிலு பாருடி எப்டி அடிக்குது. பாய்க்கு ஊசி மருந்து கெட்டுப் போச்சுனா இன்னா ஆவறது?"

சங்கவிக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அறைக்குப் போய்த் தலையணை உறைக்குள் கை விட்டாள்.

புதன்கிழமை ஆதார் கார்டில் திருத்தம் என்று பொய் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மனநலப் பிரிவு வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள், பிறகு வெயில் தாளாமல் ஒவ்வொருவராக நெருங்கி உட்கார்ந்தார்கள். டாக்டர் நடுவயதுப் பெண்மணி. ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டு, "சொல்லுங்க" என்றார். சங்கவி அவரையும் சந்தேகப்பட்டாள். இருபது நிமிஷம் மேஜையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி, அடுத்த புதன் வாங்க" என்றார் அவர். மாத்திரை எழுதினார். வேறொன்றும் வற்புறுத்தவில்லை. அடுத்த புதன் போனாள். குளியலறைக் கதவைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னாள். அதற்கே உடம்பு ஓய்ந்து, திரும்பும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டாள்.

அறையில் ஒரு மாற்றம். பெரிதாக இல்லை. ஜன்னலின் வெள்ளை போயிற்று. மாவு நாலு நாளிலிருந்து மூன்று நாளானது, மூன்றிலிருந்து இரண்டரையானது. ஆதார் கார்டில் அப்படி என்னதான் திருத்தம் என்று குழாயடி யோசித்தது.

ஒரு மத்தியானம் அஸ்லம் பாய் வந்து ஜன்னலோரத்து டப்பாவை எடுத்தார்.

"ஏன் பாய் எடுக்கறீங்க?" சங்கவி எழுந்து உட்கார்ந்தாள். "யாராவது எதுனா சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல."

"மருந்து கெட்டுடுமே."

"பானைல ஈர மணல் போட்டு வெச்சுக்குவேன். நர்சம்மா சொல்லிக் குடுத்துச்சு."

"அப்போ மொதல்லயே ஏன் இங்க வெச்சீங்க?"

"எல்லாரும் வெச்சாங்க, நானும் வெச்சேன்" என்றார் பாய். "உன் ரூமுக்கு வந்து போனா எனக்கு முட்டி வலிக்குதும்மா. தாங்க முடியல."

உண்மைதானா என்று அவர் நடையைப் பார்த்தாள். நொண்டிக்கொண்டுதான் போனார். அந்த இரண்டு மாதத்தில் அவள் சந்தேகப்பட்டுப் பார்த்து, சொன்னபடியே இருந்த முதல் ஆள் அவர்.

மூன்றாவது புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஹவுஸ் ஓனர் ஏகாம்பரம் செத்துப்போனார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாற்காலியிலேயே தலை சாய்ந்தது. மனைவி முன்பே போய்விட்டாள். ஒரே மகன் கனடாவில்; வந்து சேர இரண்டு நாளாகும், அப்பா முகத்தைப் பார்க்காமல் எடுக்கக் கூடாது என்று போனில் அழுதான். காம்பவுண்டு முன்வாசலில் கூடியது. பார்வையாலேயே முடிவாயிற்று.

பத்து மணிக்கு டாக்டர். சங்கவி தலை சீவிப் பையை மாட்டிக்கொண்டிருந்தபோது, அறையின் கதவு முழுசாகத் திறந்தது. இரண்டு ஆண்கள் அவளிடம் ஒன்றும் சொல்லாமல் கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்து நடுவில் போட்டார்கள். ரேணுகா புதுப் படுக்கை விரிப்போடு வந்தாள். பின்னால் தனபாக்கியம், அவளுக்குப் பின்னால் காம்பவுண்டு.

"இன்னாம்மா இது?"

"ஓனர இங்க படுக்க வெக்கறோம்டி" என்றாள் ரேணுகா, விரிப்பை உதறிக்கொண்டே. "ரெண்டு நாளைக்குத்தான். அந்தப் புள்ள வந்துட்டா எடுத்துடுவாங்க."

"என் கட்டில்லயா?"

"நீ கீழ படுத்துக்க. நான் கூட இருக்கறேன்."

"நீ எங்கயும் போவாம இருந்தாப் போதும் கண்ணு" என்றாள் தனபாக்கியம். "கிட்டத்துல ஒரு சேர் போட்டு உக்காந்துக்க. பாவம், அவரும் உனுக்கு அப்பா மாதிரிதானே."

சங்கவி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். உண்மையாகவே அழுதிருந்தார்கள், கண்கள் சிவந்திருந்தன. பொய் இல்லை. பொய் இல்லாததுதான் அவளைக் கலக்கியது. இவர்கள் கெட்டவர்களாக இருந்தால் எத்தனை சுலபம். மண்டைக்குள் வழக்கம்போல் அந்தக் குரல் சொன்னது, சரி என்று சொல்லிவிடு, உட்கார்ந்துவிடு, இத்தனை நாள் மீனோடு இருந்தாயே, இரண்டு நாள் இவரோடு இரு. கை பையைக் கழற்றப் போனது. ஆனால் ஒரு மாதமாக வளர்ந்த சந்தேகம் ஒன்று அவளிடம் இருந்தது. அது விடவில்லை.

"ஐஸ் பெட்டிக்கு யாரு போன் போட்டது?"

ரேணுகா விரிப்பை மறுபடி உதறினாள்.

"இந்த வெயில்ல எங்கடி பெட்டி கெடைக்கப் போவுது" என்றாள் ரேணுகா.

"கேட்டது யாரு?"

தனபாக்கியம் இரண்டாம் நம்பர் வீட்டுக்காரியைப் பார்த்தாள், அவள் தன் புருஷனைப் பார்த்தாள், அவர் கட்டிலைப் பிடித்திருந்தவரைப் பார்த்தார், கட்டிலைப் பிடித்திருந்தவர் கட்டிலை விட்டார். ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

சங்கவி போனை எடுத்து எண் தேடி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"பெட்டியா? கீதும்மா. ரெண்டு கீது. எந்த எடம்?"

"கரென்ட் போயிப் போயி வரும் இங்க."

"ஜெனரேட்டரோட வரும். அரை மணி நேரம்."

இடத்தைச் சொல்லிவிட்டு வைத்தாள். தனபாக்கியம்தான் பேசினாள். அதில் வஞ்சகம் ஒரு பொட்டுகூட இல்லை. நிஜமாகவே புரியாமல், சின்னப் பெண்ணுக்கு எடுத்துச் சொல்கிற மாதிரி சொன்னாள்:

"பெட்டி எதுக்கும்மா தனியா? அதான் நீ கீறியே."

சங்கவி அம்மாவைப் பார்த்தாள். ரேணுகாவின் கையில் விரிப்பு பாதி விரிந்தபடி நின்றது. அவள் கீழே போடவும் இல்லை, விரிக்கவும் இல்லை. அந்த வாக்கியம் அவளுக்குள் இறங்குவது தெரிந்தது, மெதுவாக, தண்ணீர் இல்லாமல் விழுங்கிய மாத்திரையைப் போல.

"கேட்டத் தொறந்து வையுங்க, வண்டி வரும்" என்று சொல்லிவிட்டு சங்கவி பையை மாட்டிக்கொண்டு நடந்தாள். கூட்டம் விலகியது. குளிர் அவளோடு கூடத்தைத் தாண்டி, படி இறங்கி, காம்பவுண்டின் நடுவே வந்தது. பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். பின்னால் அறைக்குள் மூடிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும் சத்தம் கேட்டது. யாரோ ஐயோ பால் என்றார்கள். அவள் திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடுவோம் என்று தன்னையும் சந்தேகப்பட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. நின்றாள். ஐந்து நிமிஷத்தில், தெருமுனையில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, ரேணுகா வேகமாக வந்துகொண்டிருந்தாள். கூட்டிப் போக வருகிறாள் என்று சங்கவி கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ரேணுகா வந்து பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

"இது ஆதார் கார்டு இல்லியே?"

"இல்ல."

"பெட்டி வந்துடுச்சு. இறக்கிட்டு இருக்கறாங்க."

"சரி. நீ எதுக்கு வந்தே?"

ரேணுகா பஸ் வருகிற திசையைப் பார்த்தாள்.

"அங்க இன்னா பேசுவே?"

"எல்லாத்தையும்."

"என்னப் பத்தியுமா?"

"உன்னப் பத்தியும்தான்."

பஸ் வந்தது. சங்கவி ஏறினாள். பின்னால் அம்மா ஏறுவாளா என்று பார்க்கக் கூடாது என்று இருந்தாள், பார்த்தாள். ரேணுகா ஒரு படியில் கால் வைத்தபடி நின்றாள். கண்டக்டர், "ஏறும்மா, இல்ல எறங்கு, நடுவுல நின்னா எப்டி?" என்று கத்தினார். ஏறினாள். பெண்களுக்கு இலவசச் சீட்டு கிழிக்கிற அவரிடம் இரண்டு விரலைக் காட்டி, "ஆஸ்பத்திரி ரெண்டு" என்றாள்.

இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். பஸ்ஸின் தகரம் கொதித்தது. ஜன்னல் வழியாக அனல் வந்தது. சங்கவியின் குளிர் எங்கும் போய்விடவில்லை, அது அடுத்த வாரமும் வரும், அதற்கடுத்த மாதமும் வரும், அதை அவள் அறிந்திருந்தாள். ஆனாலும் அந்த நேரம் அவளுடைய கழுத்தில் வியர்வை இறங்கியது, முதுகு ரெக்ஸினில் ஒட்டியது, அம்மாவின் தோளோடு உரசிய தோள் பிசுபிசுத்தது. இரண்டு நிறுத்தம் வரை ரேணுகா பொறுத்துப் பார்த்தாள். பிறகு எரிச்சலோடு முழங்கையால் இடித்தாள்.

"தள்ளி உக்காரேன்டி, அடுப்பாட்டம் காயுது உன் ஒடம்பு."

சங்கவி தள்ளி உட்காரவில்லை.